25 ஆயிரத்தில் பறவையும் யானையும்: லென்ஸ் கேட்ட பெருந்துறை நண்பருக்கு

நண்பர் கேட்டிருப்பது இது. பெருந்துறையில் வேலை. கையில் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் பறவை எடுக்க வேண்டும், சத்தியமங்கலம் பக்கம் போனால் யானை எடுக்க வேண்டும். 25 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். இப்போதே ஒரு 70-300 வாங்கிவிடலாமா, இல்லை ஒரு வருடம் சீட்டுப் போட்டு 150-600 வாங்கலாமா என்று கேட்கிறார். (இந்த எண்களெல்லாம் லென்ஸின் எம்எம் அளவு, எண் பெரிதாக ஆகத் தூரத்தில் இருப்பது படத்தில் பெரிதாகத் தெரியும்.) 600 இல்லாமல் பறவை எடுப்பது வீண் வேலை என்று கடைக்காரர் சொன்னாராம். லென்ஸ் பெயரைக் கேட்டாலும், இருக்கிற காசுக்கு வாங்கிவிட்டு நாளைக்கு வருத்தப்படுவோமோ என்கிற பயம்தான் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் கோபியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாம் எடுத்துத்தான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்கும் காட்டோரத்துக்கும் போவேன். கேனான், நிக்கான் இரண்டும் கைப்பழக்கம் உண்டு. சோனி, ஃப்யூஜி வைத்துப் புழங்கியதில்லை, அந்தக் கம்பெனிகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேனான் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (ஐஎஸ் என்றால் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி, எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை), பழையது, நல்ல நிலையில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பட்ஜெட்டில் பாதிக்குப் பக்கமாகத்தான் வரும். மிச்சத்தை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். இனி ஏன் என்கிற கணக்கு.

1500டி-யின் சென்சார் அகலம் 22.3 எம்எம். லென்ஸ் 250 எம்எம். இருபது மீட்டர் தள்ளி ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால், படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடங்கும் அகலம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். நம் ஊர்க் கிணற்று மேட்டில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தி 28 செ.மீ. நீளம். ஆக, பறவை படத்தில் ஆறில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சலில் படம் 6,000 பிக்சல் அகலம் என்றால் பறவைக்குக் கிடைப்பது 900 சொச்சம். ஓரத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் போடத் தாராளமாகப் போதும், பெரிய பிரிண்ட் போட்டு மாட்டப் போதாது. அதே இடத்தில் 600 இருந்தால் பறவை படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். கடைக்காரர் சொன்னதில் இவ்வளவு தூரம் உண்மை.

இப்போது அதே 250-ஐ வைத்துக்கொண்டு இருபது மீட்டரை எட்டு மீட்டராக்குங்கள். 600-ல் இருபது மீட்டரிலிருந்து எடுத்த படமும் இதுவும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குத்தான் முக்கால் லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொல்கிறார்கள். சில இடங்களில் அந்தப் பன்னிரண்டு மீட்டரை நடந்தோ காத்திருந்தோ குறைக்க முடியும். சில இடங்களில் முடியாது, சில இடங்களில் குறைக்கவே கூடாது. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்துவிட்டால் லென்ஸ் கேள்வி பாதி தீர்ந்த மாதிரி.

யானையிலிருந்து தொடங்குவோம். இரண்டே முக்கால் மீட்டர் உயரமுள்ள யானை ஐம்பது மீட்டர் தள்ளி நின்றால் 250-ல் படத்தின் உயரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். நூறு மீட்டரில் நின்றாலும் பாதி உயரம். யானைக்கு ஐம்பது மீட்டரைவிடக் கிட்டத்தில் போக வேண்டிய வேலை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அதிலோ ஆசனூர் சாலையிலோ வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் விதிப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. 2013-லிருந்து அது புலிகள் காப்பகம். நான் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போய்த்தான் உருப்படியான யானைப் படம் இரண்டு எடுத்திருக்கிறேன். இரண்டுமே 55-250-ல் எடுத்தவை. 150-600 வைத்திருந்தால் ஓடுகிற பஸ்ஸில் அதைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்குள் யானை போயிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் திட்டும் மிச்சம்.

வால்பாறைக்குப் போனாலும் இதே கதை. ஆழியாறிலிருந்து ஏறும் வளைவுகளில் வரையாடு ரோட்டோரச் சுவரிலேயே நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு கூட்டமாக ரோட்டுக்கு இறங்கும். 600 மட்டும் வைத்திருந்தவர்கள் அங்கே குரங்கின் மூக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே 55 தேவைப்படும். தீனி மட்டும் போடாதீர்கள், படத்துக்காகக்கூட. வண்டியைத் தேடி வரப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுத்தான் சாகிறது.

பறவைக்கு வருவோம், அங்கேதான் சிக்கல். வெள்ளோட்டில் கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன் மாதிரிப் பெரிய பறவைகளுக்கு 250 சமாளிக்கும். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கூழைக்கடா ஐம்பது மீட்டரில் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். ஆனால் குளத்துக்கு நடுவில் கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைக்குச் சமாளிக்காது. தண்ணீருக்குள் இறங்கி நடக்க முடியாது, சரணாலயத்தில் அப்படி இறங்கவும் கூடாது. திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் பனிக்காலத்தில் வருகிற வாத்துகள் கரையிலிருந்து எட்டத்தில்தான் இருக்கும். அங்கே போய் 250-ல் எடுத்தால் எண்ணிக்கைக்கு ஆகும், அழகுக்கு ஆகாது. இந்தக் குறையை மறைத்து உங்களை வாங்க வைக்க எனக்கு மனமில்லை.

ஆனால் கொங்கு நாட்டுக்காரருக்குப் பறவை எடுக்கக் குளத்துக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊர்ப் பக்கம் நெல்லுக்கு உழவு ஓட்டும் நாளில் டிராக்டர் பின்னால் பாருங்கள். உண்ணிக்கொக்கு, மைனா, கரிச்சான், ஈரமிருந்தால் அரிவாள்மூக்கனும் சேர்ந்து, உழுசாலில் புழு பொறுக்க அடித்துப் பிடித்து வரும். வரப்பில் அசையாமல் உட்கார்ந்தால் ஆறேழு மீட்டரில் வந்து நிற்கும். ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தேன். தோட்டத்துக்காரப் பெரியவர் வந்து, "ஏனுங் தம்பி, கொக்கைப் போயி ஃபோட்டோ புடிக்கறீங்களாக்கும்? அந்தக் கெணத்துமேட்டுப் பனையில ரெண்டு ஆந்தையிருக்குது, பொழுதோட வாங்க, நேராவே பாக்கும்" என்றார். சாயங்காலம் போனேன். பொந்து வாசலில் ஜோடியாக இரண்டு புள்ளி ஆந்தை. அந்தத் தோட்டத்து மனுசனும் மாடும் பழகியவை, பறந்து ஓடவில்லை. பத்து மீட்டரில், 250-ல், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), நொடியில் 1/160. என் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். 600-ல் எடுத்தது ஒன்றும் அங்கே இல்லை.

கரண்டுக் கம்பியில் உட்காரும் பனங்காடை, பஞ்சுருட்டான், காட்டு மேல் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் கருந்தோள் பருந்து இவற்றுக்கெல்லாம் கார்தான் மறைவிடம். இறங்கி நடந்தால் பறக்கும், காருக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆள் நடமாட்டமில்லாத ஊர்ப் பாதையில் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரு மஞ்சப்பையில் பாதிக்குச் சோளம் போட்டு வாயைத் தைத்து அதைச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். முக்காலி தோற்றுப்போகும். பையை முழுக்க நிரப்பிவிடாதீர்கள், பாதி காலியாக இருந்தால்தான் லென்ஸ் அமிழ்ந்து உட்காரும்.

அப்புறம், நீங்கள் கேட்ட 70-300. இந்தப் பெயரில் பல லென்ஸ் இருக்கிறது, குழப்பமும் அங்கேதான். கேனானின் 70-300 ஐஎஸ் யுஎஸ்எம் நல்ல லென்ஸ், அதன் இரண்டாம் பதிப்பு இன்னும் நல்லது. டாம்ரான் 70-300-ல் விசி (அவர்கள் ஐஎஸ்ஸுக்கு வைத்த பெயர்) என்று போட்டது நல்லது, அது போடாத மலிவு லென்ஸை வாங்காதீர்கள். ஆனால் 250-க்கும் 300-க்கும் வித்தியாசம் இருபது சதவீதம்தான். இருபது மீட்டரில் நிற்கிறவர் மூன்றே கால் மீட்டர் முன்னே போனால் முடிந்துபோகும் வித்தியாசம். அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். நான் செலவழிக்க மாட்டேன்.

கண்டிப்பாக வாங்கக் கூடாதது கேனான் 75-300. கேமராவோடு இரட்டை லென்ஸ் என்று கட்டிக் கொடுப்பார்கள், தனியாகவும் மலிவாகக் கிடைக்கும். கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் இல்லை, 300-ல் படம் மொழுமொழுவென்று இருக்கும், வெயிலில் வெள்ளைப் பறவையின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு ஓடும். என் முதல் டெலி லென்ஸ் அதுதான். வெள்ளோட்டில் ஒரு காலை முழுக்க இருநூறு படம் எடுத்துவந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன், ஒன்றில்கூட கூழைக்கடாவின் கண் தெளிவாக இல்லை. என் கைதான் சரியில்லை என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு 420-800 என்றும், 500 எம்எம் மிரர் லென்ஸ் என்றும் ஆசை காட்டுவார்கள். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, வெளிச்சமும் போதாது. மிரர் லென்ஸில் பின்னணி வெளிச்சப் புள்ளியெல்லாம் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற 2எக்ஸ் கன்வர்ட்டர் போட்டு 250-ஐ 500 ஆக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கேனானுடைய கன்வர்ட்டர் இந்த லென்ஸில் பொருந்தவே பொருந்தாது. வேறு கம்பெனி கன்வர்ட்டரை மாட்டினாலும் எஃப் 5.6 என்பது எஃப் 11 ஆகிவிடும், 1500டி-யின் ஃபோகஸ் அதில் வேலை செய்யாது. இன்னொன்று, கேனான் ஆர்எஃப் 100-400 என்று ஒரு நல்ல லென்ஸ் இருக்கிறது, முக்கால் கிலோகூட எடை இல்லை. வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் மெச்சுகிறார்கள். அது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கானது, உங்கள் 1500டி-யில் எந்த அடாப்டர் போட்டாலும் மாட்ட முடியாது. ஆனால் மறுபக்கம் முடியும். இன்று வாங்கும் 55-250 நாளைக்கு நீங்கள் மிரர்லெஸ் வாங்கினால் அடாப்டர் வழியாக ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். அதனால் போட்ட காசு சுத்தமாக வீணாகாது.

150-600 பற்றி என் அபிப்பிராயம். சிக்மா கன்டெம்பரரி, டாம்ரான் ஜி2 இரண்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. இதில் எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், லென்ஸுக்கு லென்ஸ் மாறும் அளவு வித்தியாசம்தான் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளோட்டுக் கரையைச் சுற்றியவன் மறுநாள் கல்யாண வீட்டில் கை தூக்க முடியாமல் நின்றேன். அதைவிடப் பெரிய சங்கதி வெயில். பவானிசாகரில் நீர் வற்றிய கரையில் வெளிமானைப் பார்த்து, காலை பத்து மணிக்குமேல் நூற்றைம்பது மீட்டரிலிருந்து 600-ல் எடுத்தேன். தரையிலிருந்து எழும் சூட்டில் மான் கொம்பு தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்தது. அது லென்ஸின் குற்றமில்லை. நடுவில் இருக்கிற காற்று கெட்டால் ஒரு லட்ச ரூபாய் லென்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர் வெயிலில் ஒன்பதரைக்கு மேல் தூரத்துப் படம் எடுப்பதை நான் விட்டே விட்டேன்.

உங்கள் கேமராவையும் நினைத்துப் பாருங்கள். 1500டி-யில் நொடிக்கு மூன்று படம், ஒன்பது ஃபோகஸ் புள்ளி. பறக்கும் பறவைக்கு அது பிந்தித்தான் வரும். பெரிய லென்ஸ் மாட்டினாலும் அந்த வேகம் கூடாது. ஒன்பதில் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஏஐ சர்வோவில் (நகர்வதை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்) போட்டு, பறக்கும் பறவைக்கு நொடியில் 1/1600-க்குக் குறையாமல், உட்கார்ந்த பறவைக்கு 1/400-லிருந்து தொடங்குங்கள். கை பழகினால் ஐஎஸ் உதவியோடு இன்னும் இறங்கலாம், நான் ஆந்தைக்கு இறங்கிய மாதிரி. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 1600 வரை யோசிக்காமல் போங்கள், 3200-ல் பொரி பொரியாகத் தெரியும், ஆனாலும் மங்கிய படத்தைவிடப் பொரி தேவலை.

ஒரு வருடம் காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். இது நான் கண்ட அளவில்தான்: காத்திருந்து பெரிய லென்ஸை நேராக வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மழைக்காலத்துக்குள் அதை விற்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது நான் பார்த்த பத்துப் பதினைந்து பேருக்குள்தான். சின்ன லென்ஸில் ஒரு வருடம் அலைந்தவர்களுக்கு, தங்களுக்கு 600 வேண்டுமா, வேண்டாமா, பறவையா, யானையா, பூச்சியா என்று தெரிந்துவிடுகிறது. சந்தேகம் தீரவில்லை என்றால், கல்யாணத்துக்கு லென்ஸ் வாடகைக்கு விடுகிறவர்கள் ஈரோடு, திருப்பூர், கோவையில் இருக்கிறார்கள். 150-600 இருக்கிறதா என்று விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து நஞ்சராயன் குளத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது கேமராவையும் எடுத்துப் போங்கள். லென்ஸின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, செல்ஃபோன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலு தெரிந்தால் போகட்டும். சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை, என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு கடையில் "துடைத்துவிட்டோம், புதுசாட்டம் இருக்கிறது" என்று எனக்குக் கொடுத்தார்கள். ஒரே ஐப்பசியில் அதே இடத்தில் திரும்ப முளைத்துவிட்டது. அடுத்து, செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, 250-ல், எஃப் 5.6-ல், கேமராவை மேசையில் வைத்து ஒருமுறை வியூஃபைண்டரில் கண் வைத்தும் ஒருமுறை லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து எடுங்கள். இரண்டும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். லைவ் வியூ மட்டும் கூர்மையாக வந்தால் அந்த லென்ஸும் உங்கள் கேமராவும் ஒத்துப்போகவில்லை. 1500டி-யில் அதைச் சரிசெய்யும் வசதி கிடையாது. கேமராவை அணைத்துவிட்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் நகராது, பழுது என்று பயந்துவிடாதீர்கள், எஸ்டிஎம் லென்ஸ் அப்படித்தான்.

மிச்சக் காசில் முதலில் ஈடி-63 என்கிற லென்ஸ் ஹூடை வாங்குங்கள், லென்ஸோடு வராது. யூவி ஃபில்டர் வேண்டாம், மலிவுக் கண்ணாடியை முன்னால் மாட்டினால் நல்ல லென்ஸும் மங்கிப்போகும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் ஐம்பதுக்குக் கீழே இருக்கட்டும். வால்பாறையில் மழைக்காலத்தில் போய் வந்தால் அன்று இரவே துடைத்து உலர்த்தி டப்பாவுக்குள் வையுங்கள், கேமராப் பையிலேயே விட்டுவிட்டால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்வார்கள், தவிட்டுத் தூசி ஏறும், வேண்டாம். அதற்கும் மேல் மிஞ்சுவதைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோளப் பையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுச் சோளம் போட்டுத் தையுங்கள். எனக்கு ஒருமுறை வண்டு வைத்து, கார் சீட்டு முழுக்க ஊர்ந்தது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.